வைரம் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு

வெள்ளை வாங்குவதற்காகவா சிங்கப்பூரிலிருந்து விருத்தாசலத்துக்கு வருகிறீர்கள் என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். பீங்கான் தட்டு வாங்க என்று மட்டும் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான்தான், “தட்டுக்காக இல்லைங்க, அதோட வெள்ளைக்காக” என்று சொல்லிவைத்தேன். அவர் தூக்குச்சட்டியைத் திறந்து என் கையில் புளிச்சோறு வைத்து, முழுக்கதையையும் கேட்ட பிறகுதான் விட்டார். உங்களுக்கும் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் வைரங்களைத் தரம் பிரிக்கும் சிறிய கூடம் ஒன்றில் நிறம் பார்ப்பது என் வேலை. வைரத்தின் நிறம் என்றதும் பலர் சிவப்பு, நீலம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் பார்ப்பது அதற்கு நேர்மாறு. ஒரு கல்லில் எவ்வளவு நிறம் இல்லை என்று பார்க்கிறோம். கொஞ்சமும் நிறமில்லாத கல்லுக்கு ‘டி’ என்று பெயர். அங்கிருந்து இ, எஃப், ஜி என்று இறங்கி, மஞ்சள் நன்றாகவே தெரிகிற ‘இசட்’ வரை போகும். ஒவ்வோர் எழுத்து இறங்கும்போதும் விலையும் இறங்கும். அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, அந்த மோதிரத்தைப் போட்டிருப்பவர் ஆயுள் முழுக்கக் கண்டுபிடிக்க மாட்டார். நாங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்குக் கல்லைக் கவிழ்த்துவைக்க ஒரு வெள்ளைத் தட்டு வேண்டும். தாள் என்றால் அதில் வெளுப்பு மருந்து கலந்திருக்கிறார்கள், விளக்கொளியில் நீலமாக மின்னும். பிளாஸ்டிக் என்றால் சில மாதங்களில் தானே மஞ்சளாகிவிடும். மாறாத வெள்ளை பீங்கானில்தான் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உடன் வேலை செய்யும் ஸ்டெல்லாவுக்கு விருத்தாசலத்தில் ஓர் அக்கா, பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். “வெள்ளையில்கூடவா ரகம்?” என்று எங்கள் மேலாளர் சிரித்தார். வைரத்துக்கு எழுத்து எழுத்தாக நிறம் சொல்லும் கூடத்தின் மேலாளர் அவர்.

2009 மாசி மாதம். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் போகும்போது மாசி மகத்துக்குத் தெருவெல்லாம் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் ஒரு பந்தல் காலை உரசி, இறங்கி, பந்தல்காரருடன் சமாதானம் பேசி, அவரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சிங்கப்பூரில் இதற்கு இரண்டு காப்புறுதி நிறுவனங்கள் மாதக்கணக்கில் பேசியிருக்கும்.

ஸ்டெல்லாவின் அக்கா பெயர் அமலா. பாலிடெக்னிக்கில் செராமிக் படித்தவர். தொழிற்பேட்டையில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்துகொண்டிருந்தார். கையில் காய்ந்த களிமண்ணோடு வாசலுக்கு வந்து, “வாங்க சுகந்தி, ஸ்டெல்லா சொன்னா. தட்டெல்லாம் ரெடியா இருக்குது, மொதல்ல பாத்துடுங்க. அப்புறம் சாப்புடலாம்” என்றார்.

மேசைமேல் துணி விரித்து உள்ளங்கை அளவில் தட்டுகளை அடுக்கியிருந்தார். சன்னமான விளிம்பு, பளபளப்பில்லாத பூச்சு, நான் வரைந்து அனுப்பிய அளவு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்த சாம்பல் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எந்த நிறத்துக்கும் சாயாத சாம்பல் அது. அதன் அருகில் வைத்தால் எந்த வெள்ளையும் தன் குணத்தைக் காட்டிவிடும்.

“அக்கா, இது நீலம்.”

அவர் குனிந்து பார்த்தார். “வெள்ளைன்னாலே நீலந்தானங்க. துணிக்கு நீலம் போடுறோம் இல்ல? அது மாதிரி. மண்ணுல இரும்பு இருக்குது, சுட்டா பழுப்பு தட்டும். அத மறைக்க மேல்பூச்சு கிளேஸ்ல கொஞ்சம் கோபால்ட்னு ஒரு நீலச் சாயம் போடுவோம். எல்லாரும் இதத்தான் பளிச்சுனு இருக்குதுன்னு வாங்கறாங்க.”

பெட்டியிலிருந்து ஒப்புக்கற்களை எடுத்தேன். பயிற்சி வகுப்பில் பயன்படுத்தும் செயற்கைக் கற்கள் அவை. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தின் நிறத்துக்குச் சரியாகச் செய்தது. இ, ஜி, ஐ, கே, எம் என்று ஐந்து கொண்டுவந்திருந்தேன். கே கல்லை அவருடைய தட்டில் கவிழ்த்து வைத்தேன். அதன் மஞ்சள் தட்டின் நீலத்தில் கரைந்து, ஐ போலத் தெரிந்தது.

“இந்தத் தட்டுல வெச்சா சுமாரான கல்லும் நல்ல கல்லாயிடும். விக்கிறவங்களுக்கு வசதி. எங்களுக்கு ஆகாதுக்கா.”

அமலா அக்கா கல்லையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “அப்ப உங்களுக்கு வெள்ளை வேணாம். கலரே இல்லாததுதான் வேணும்” என்றார். எங்கள் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மோரை ஊற்றிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றினார்.

அன்று மாலையே கோபால்ட் போடாத கிளேஸைக் கலக்கி, ஏற்கெனவே ஒருமுறை சுட்டு வைத்திருந்த தட்டுகளில் பூசி, சோதனைக்கு வைத்திருக்கும் சின்னச் சூளையில் அடுக்கினார்கள். அது வெந்து, ஆறி, திறப்பதற்குப் பொறுமை வேண்டும். சும்மா இருப்பானேன் என்று மறுநாள் என்னை மங்கலம்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய பள்ளித் தோழி நூருன்னிசா இருந்தார். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கம் எதையோ பார்த்தார், ஒரு பீடி பற்றவைத்தார், நடத்துனரிடம் “இனிமே நவுராது” என்றார். பயணிகளில் யாரும் குரல் உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் பத்திரிகையில் வரும். முந்திரி மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வந்தது. அமலா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். மூட்டைகளின்மேல் உட்கார்ந்துதான் மங்கலம்பேட்டை போய்ச் சேர்ந்தோம். என் வாழ்நாளில் இவ்வளவு விலையுயர்ந்த இருக்கையில் பயணம் செய்ததில்லை.

நூருன்னிசா நெய்ச்சோறும் தால்சாவும் செய்திருந்தார். கல்யாண வீட்டுக்கு உரிய சத்தம் மட்டும் இல்லை. அவருடைய கணவர் காதர் பாய் துபாயில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் வந்திருந்தார். எங்களை வாங்க என்று கேட்டுவிட்டு உள்ளறைக்குப் போனவர் வெளியே வரவே இல்லை. மகள் ரஹீமாவும் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு நூருன்னிசா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு ஜோடி ஒற்றைக்கல் தோடு. “அவுங்க துபாயில வாங்கியாந்தது. இத்தனி வருசத்துல வூட்டுக்குன்னு வாங்கின ஒரே வைரம். நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா ஜன்னல்கிட்ட கொண்டு போயி பாத்தாங்க. மஞ்சளா இருக்குதே, இது கல்லா கண்ணாடியான்னு அத்தினி பொம்பளைங்க மத்தியில கேட்டுட்டாங்க. அன்னைலேருந்து இவுங்க கடைத்தெருவுக்கே போறதில்ல. தொழுதுட்டு நேரா வூட்டுக்கு வந்துடறாங்க.”

அமலா அக்கா என்னைப் பார்த்தார். எதற்காக என்னை இங்கே அழைத்துவந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் மூடிய தங்கக் குழியில் கற்களைப் பதித்திருந்தார்கள். கண்ணுக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆனால் அது கல்லின் மஞ்சளா தங்கத்தின் மஞ்சளா என்று யாராலும் சொல்ல முடியாது. கல் கண்ணாடி மாதிரி; சுற்றி இருப்பதை வாங்கித் தன்னுடையதுபோலக் காட்டும்.

“நகையில இருக்கிற கல்லுக்கு நாங்க எழுத்து சொல்ல மாட்டோம்” என்றேன். “கழட்டி, தனியா வெச்சு, ஒப்புக்கல்லோட பார்த்தாத்தான் சொல்லலாம். ஆனா நமக்குப் பிடிச்ச பதிலாத்தான் வரும்னு சொல்ல முடியாது. கல்லே மஞ்சளா இருந்தா மஞ்சள்னுதான் சொல்வேன்.”

“அப்ப வேணாம்மா” என்று நூருன்னிசா பெட்டியை மூடப் போனார்.

உள்ளறை வாசலில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. “கழட்டிப் பாருங்கம்மா” என்றார். “சம்பந்தியம்மாவையும் கூப்புட்டு அவுங்க முன்னாலயே பாருங்க.”

“கெட்டதா வந்துட்டா?” என்றார் நூருன்னிசா.

“வரட்டும். நான் ஏமாந்திருந்தா ஏமாந்தவன்னு தெரியட்டும். பொய் சொல்லி ஏமாத்துனவன்னு பேரு வேணாம்.”

ரஹீமா கதவுக்குப் பின்னால் அழுவது கேட்டது. நான் சரி என்றேன். கூடத்தில் எத்தனையோ ஆயிரம் கற்களுக்கு எழுத்து போட்டிருக்கிறேன். எந்தக் கல்லின் சொந்தக்காரர் முகத்தையும் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சூளையைத் திறந்தார்கள். கோபால்ட் இல்லாத தட்டுகள் வந்தன. அமலா அக்கா ஒன்றை எடுத்துச் சாம்பல் அட்டையின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, “பால்கோவா” என்றார். உண்மைதான். நீலம் போய்விட்டது. அது மறைத்துவைத்திருந்த பழுப்பு வெளியே வந்துவிட்டது. இந்தத் தட்டில் வைத்தால் நல்ல கல்லும் கெட்டுப்போகும்.

“நீலமும் வேணாம், பழுப்பும் வேணாம்னா ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ நிறுத்தணும்” என்றார். வெளியூரிலிருந்து வரும் நல்ல வெண்மண்ணைக் கிளேஸில் கூடுதலாகச் சேர்த்தார். கோபால்ட்டைத் தராசில் நிறுத்தால் முள் அசையாத அளவு என்பதால், அதை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, அந்தத் தண்ணீரிலிருந்து கரண்டியால் எடுத்து ஊற்றினார். ஒவ்வொரு தட்டுக்கும் அரைக் கரண்டி வித்தியாசம். எந்தத் தட்டுக்கு எவ்வளவு என்று தட்டின் அடியிலேயே கீறி, மறுபடி சூளையில் அடுக்கினார்.

அன்று மத்தியானம் எனக்கு ஒரு விபத்து நேர்ந்தது. பகல் ஒளிபோலவே வெளிச்சம் தரும் மேசை விளக்கு ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து குழந்தையைப்போலச் சுமந்து வந்திருந்தேன். அதன் செருகி இங்குள்ள துளையில் நுழையவில்லை. கடைத்தெருவில் ஒருவர் ஒயரை வெட்டி வேறு செருகி மாட்டிக்கொடுத்தார். போட்டதும் எரிந்தது. எல்லாரும் கூடிப் பார்த்தோம். மின்வெட்டு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்பியபோது எங்கிருந்தோ சேர்த்துவைத்த வேகத்தோடு வந்தது. விளக்கு டப்பென்று ஒலித்து, கருகிய வாசனையை விட்டு, அடங்கியது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நினைவு வந்தது. இந்த விளக்கெல்லாம் வருவதற்கு முன்னால் வைரக்காரர்கள் எதை நம்பினார்கள்? வடக்குப் பார்த்த ஜன்னலைத்தான். நேர்வெயில் விழாத, வானத்தின் வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னல். என் விளக்கே அதைப் பார்த்துச் செய்ததுதான். மாசி மாதத்தில் சூரியன் தெற்கே இருப்பதால் வடக்கு ஜன்னல் நாள் முழுக்கச் சுத்தமாக இருக்கும். பட்டறையில் சாமான் கட்டும் அறைக்கு அப்படி ஒரு ஜன்னல் இருந்தது. அறைச் சுவரில் பச்சைப் பூச்சு. அது கல்லில் தெரியும் என்பதால் பழைய சாம்பல் போர்வைகளைக் கேட்டு வாங்கிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். துக்க வீடு மாதிரி இருக்குது என்று சாமான் கட்டும் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் டீக்கடையில் நின்றோம். மெதுவடை நன்றாக இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர், நான் பீங்கானில் தங்கம் எடுக்க வந்தவள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அமலா அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, “நாளைக்குச் சூளை ஏமாத்திடுச்சுன்னா என்னா செய்யறது? சம்பந்தியம்மாவுக்குச் சொல்லி அனுப்பியாச்சு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மொத நாளு செஞ்ச நீலத் தட்டு இருக்குது. அதுல வெச்சா பாய் கல்லு நல்லாத் தெரியும் இல்ல?” என்று கேட்டார்.

நான் மிச்ச வடையைப் பிய்த்தேன். அந்த எண்ணம் எனக்கும் வந்திருந்தது.

“வேணாம், விடுங்க” என்று அவரே சொன்னார். “ஏமாத்துனவன்னு பேரு வேணாம்னு அந்த மனுசன் சொன்னாரே.” மீதி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தார்.

காலையில் சூளையைத் திறந்தபோது நான் பார்க்கவில்லை. அமலா அக்கா தட்டுகளை ஒவ்வொன்றாகப் போர்வை கட்டிய அறைக்குக் கொண்டுவந்து சாம்பல் அட்டையின்மேல் வரிசையாக வைத்தார். ஒரு ஓரத்தில் பழுப்பு, மறு ஓரத்தில் நீலம். நடுவே வரவர இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டே வந்து, ஒரு தட்டில் எதுவுமே இல்லை. மஞ்சள் இல்லை, நீலம் இல்லை, பளிச்சென்றும் இல்லை. கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கே கல்லை வைத்தேன். கே தெரிந்தது. ஜி வைத்தேன். ஜி தெரிந்தது. கல் எதுவோ அதுவாகவே இருந்தது.

“இதுதான்” என்றேன்.

“இதுதானா?”

“இதுதான்க்கா.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அடியில் கீறியிருந்ததைப் படித்தார். பிறகு வெளியே போய், எல்லாருக்கும் டீ சொல்லச் சொல்லிச் சத்தம் போட்டார்.

வெயில் ஏறும் நேரத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா மைமூன் பீவி திட்டக்குடியிலிருந்து ஆட்டோவில் பட்டறைக்கு வந்து இறங்கினார். வாட்டசாட்டமான உருவம், அளந்து பேசும் வாய். காதர் பாய் குடும்பம் முன்னமே வந்திருந்தது. கடைத்தெருவிலிருந்து நகை செய்யும் பத்தர் ஒருவரையும் வரவழைத்திருந்தோம். பத்தர் எல்லார் முன்னிலையிலும் தங்க விளிம்பை நெம்பி இரண்டு கற்களையும் எடுத்தார். எரிசாராயத்தில் கழுவித் துடைத்து இடுக்கியில் பிடித்தேன்.

“மொதல்ல கல்லா கண்ணாடியான்னு சொல்லுங்க” என்றார் மைமூன் பீவி.

“நீங்களே பாருங்கம்மா.” ஒப்புக்கல் ஒன்றையும் தோட்டுக் கல் ஒன்றையும் அருகருகே பிடித்து வாயால் ஊதினேன். இரண்டிலும் ஆவி படிந்தது. தோட்டுக் கல்லில் ஊதிய வேகத்திலேயே மறைந்துவிட்டது. ஒப்புக்கல்லில் கொஞ்சம் நின்று மறைந்தது. “வைரம் சூட்டை வெச்சுக்காது. அதனால ஆவி தங்காது. மத்ததுல நிக்கும்.” அவரும் ஊதிப் பார்த்தார். பத்தர் தன் பங்குக்குப் பேனா மாதிரி இருந்த சோதனைக் கருவியை வைத்தார். அது பீப் என்றது. “வைரந்தாங்க” என்றார்.

“வைரமா இருக்கலாம். மஞ்ச வைரம்” என்றார் மைமூன் பீவி.

ஒப்புக்கற்களைத் தட்டில் இ, ஜி, ஐ, கே, எம் என்று இடமிருந்து வலமாகக் கவிழ்த்து வைத்தேன். அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. “மேல் பக்கமா பார்த்தா வைரம் மின்னி ஏமாத்தும். அதான் கவுத்து வெச்சு, பக்கவாட்டுல பாக்கறோம். இந்தக் கடைசிக் கல்லப் பாருங்க. மஞ்சள் தெரியுதா?”

“தெரியுது.”

“மொதல் கல்லு?”

“தண்ணி மாதிரி இருக்குது.”

“இப்ப இது.” தோட்டுக் கல்லை எம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் குனிந்தார். மூக்கு தட்டில் படும் அளவுக்குக் குனிந்தார்.

“இது அதவிட வெளுப்பு” என்றார்.

கேயிடம் நகர்த்தினேன். நிறைய நேரம் பார்த்தார். “இதவிடவும் வெளுப்புதான்.”

ஐயின் வலப்பக்கம் வைத்தேன், பிறகு இடப்பக்கம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து பார்க்கச் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது” என்றார். ஜி பக்கத்தில் வைத்தபோது, “இது அதவிடக் கொஞ்சூண்டு மட்டு” என்றார். நானும் பார்த்தேன். என் கண்ணும் அதையே சொன்னது. அதேபோல் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது கல் ஐ, கே இரண்டுக்கும் நடுவில், ஐயை ஒட்டி நின்றது.

“ஒண்ணு ஐ, இன்னொண்ணு ஜே” என்றேன். “டி இல்ல. டின்னு சொன்னா பொய். ஆனா கிட்டத்தட்ட நிறமே இல்லாததுன்னு ஒரு வகுப்பு இருக்கு, ஜியிலேருந்து ஜே வரைக்கும். இது ரெண்டும் அதுலதான் வருது. மஞ்சக் கல்லு இல்ல.”

காதர் பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் பாத்த மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார் மைமூன் பீவி. கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பத்தர் காலியான தங்கக் குழியை அவர் கையில் கொடுத்தார். அவர் இடுக்கியை வாங்கிக் கல்லை அதில் வைத்துப் பார்த்தார். மஞ்சள். எடுத்துத் தட்டில் வைத்தார். வெளுப்பு. மறுபடி குழியில், மறுபடி தட்டில். குழந்தை விளையாட்டு மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு இடுக்கியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எம் பெரிய பொண்ணுக்குக் கண்ணாடியத்தான் வைரம்னு வித்துட்டாங்க. புகுந்த வூட்டுல அத வெச்சே அவள இன்னைக்கும் பேசறாங்க. அந்த பயத்துல பேசிட்டேன் சம்பந்தி. பொம்பளைங்க மத்தியில பேசுனது தப்பு. பொம்பளைங்க மத்தியிலயே சொல்லிடறேன்.”

காதர் பாய் தலையை மட்டும் அசைத்தார். மேல்துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“பின்பக்கம் தொறந்து கட்டலாமா? வெள்ளி மாதிரி வெளுப்பாத் தெரியும்” என்று பத்தர் கேட்டார். எல்லாரும் ரஹீமாவைப் பார்த்தார்கள். “பழைய மாதிரியே மூடிக் கட்டுங்க” என்றாள். “அத்தா எப்படி வாங்கியாந்தாங்களோ அப்படியே இருக்கட்டும். மஞ்சள் தங்கத்தோடதுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல.” மைமூன் பீவி அவள் தலையில் கைவைத்து இழுத்து அணைத்துக்கொண்டார்.

நான் இரண்டு நாளில் கிளம்புவதாக இருந்தேன். கல்யாணம் முடியாமல் போகக் கூடாது என்று மூன்று குடும்பமும் தடுத்துவிட்டன. மேலாளருக்கு ஃபோன் போட்டு, தட்டு கிடைத்துவிட்டது, நான்தான் இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். காத்திருந்த நாட்களில் அமலா அக்கா அதே கணக்கில் ஒரு பெட்டி தட்டுகள் சுட்டு, வைக்கோல் வைத்துக் கட்டிக்கொடுத்தார். பின்னால் எங்கள் கூடத்தில் மேலாளர் அவற்றைப் புது விளக்கின்கீழ் வைத்து ஏதாவது சாயல் தேடிக் களைத்துப்போய், இன்னும் எத்தனை கிடைக்கும் என்று கேட்டார். வேறு இரண்டு கூடங்களும் கேட்டன. ஃபியூஸ் கட்டைக்கு நடுவே ‘கலரில்லாத தட்டு’ என்று தனி அலமாரி வந்துவிட்டதாக அமலா அக்கா சொன்னார்.

மங்கலம்பேட்டைக் கல்யாணப் பந்தலில் பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ரஹீமாவின் காதில் தோடு இருந்தது. மைமூன் பீவி ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய், “இங்லீசுல ஏ, பி, சி எல்லாம் இதுக்குக் கெடையாது. டி-லதான் ஆரம்பம். எங்க மருமவ கல்லு ஐயும் ஜேயும். நானே எங் கண்ணால பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ட பெண்கள் தங்கள் தோடுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தப்பித்தேன்.

பந்தியில் பிரியாணி வாளியோடு காதர் பாயே வந்தார். கடைத்தெரு ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என் இலையில் இரண்டு பெரிய கறித்துண்டுகளை எடுத்து வைத்தார். போதும் பாய் என்று கையை நீட்டி மறைத்தேன். கையைத் தள்ளிவிட்டு இன்னொன்று வைத்தார்.

“கடையில விளக்கடியில பாத்தேன், நல்லா இருந்துச்சு, எம் பொண்ணுக்கு நல்லா இருக்கும்னு வாங்கிட்டேன்” என்றார். “அதுக்குள்ள இத்தினி எழுத்து இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா பயந்துகிட்டு வாங்காமயே வந்திருப்பேன்.”

சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கி அடுத்த இலைக்குப் போனார்.